மணி அடித்தது யார்? கணினிக் குறுக்கீட்டின் வரலாறு

கணினியின் செயலி கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டே போகும். அது தன் போக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்படும். வட்டிலிருந்து கேட்ட தரவு வந்து சேரும். வலையமைப்பு அட்டையில் ஒரு பொதி வந்து இறங்கும். இவை எதுவும் செயலியின் சௌகரியம் பார்த்து வருவதில்லை. செயலி செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நடுவே புகுந்து, தன்னைக் கவனிக்கச் சொல்லிச் சாதனம் அனுப்பும் மின்குறிப்புக்குக் குறுக்கீடு என்று பெயர். இன்டரப்ட் என்ற சொல்லும் தமிழில் பழகிப்போனதுதான். வந்த அழைப்பு எந்தச் சாதனத்தினுடையது என்று கண்டறிந்து, அதற்கு உரிய டிரைவர் நிரலிடம் சேர்ப்பிப்பது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் கடமை. செயலியை நிறுத்துவது எளிது. நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாதபடி மறுபடி ஓட வைப்பதுதான் கடினம். எழுபது ஆண்டுக் கால உழைப்பின் பெரும்பகுதி இந்த ஒன்றுக்கே செலவாகியிருக்கிறது.

கணினிக்கு முன்பே ரயில்வே இந்தச் சிக்கலைச் சந்தித்துத் தீர்த்திருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பின்னாளில் இந்திய ரயில்வேயில் நிலைபெற்ற பிளாக் முறையின்படி, இரு நிலையங்களுக்கு இடையிலுள்ள பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அடுத்த நிலையத்தைக் கூப்பிட, ஸ்டேஷன் மாஸ்டர் பிளாக் கருவியின் மணியை ஒருமுறை தட்டுவார். எதிர்முனையில் இருப்பவர் பதிவேட்டில் பாதி வரி எழுதிக்கொண்டிருந்தாலும் பேனாவை வைத்துவிட்டு, அதே ஓர் அடியைத் திருப்பித் தட்டுவார். அழைப்பு காதில் விழுந்தது என்பதற்கு அது ஒப்புகை. அதன் பிறகே செய்தி வரும். இரண்டு அடி என்றால் லைன் கிளியர் கேட்கிறார்கள். மூன்று அடி என்றால் ரயில் பிளாக் பகுதிக்குள் நுழைகிறது. நான்கு என்றால் அது வெளியேறிவிட்டது. ஆறு அடி என்றால் பாதையில் ஆபத்து. மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து அந்த வரியை எழுதி முடிப்பார். நிறுத்தம், ஒப்புகை, அடையாளம், முன்னுரிமை, விட்ட இடத்துக்குத் திரும்புதல் என்று ஒரு கெர்னல் இன்று செய்யும் ஐந்து காரியங்களும் அந்த மேசைமீது அப்போதே நடந்துகொண்டிருந்தன.

குறுக்கீடு இல்லாவிட்டால் மிஞ்சும் வழி, செயலியே ஒவ்வொரு சாதனத்திடமும் போய் "ஏதாவது உண்டா" என்று திரும்பத் திரும்பக் கேட்பது. இதில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு வடசென்னையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. எண்ணூரில் இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் துறைமுகம் 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் சரக்கு ஏற்றிப் போய்வரும் டிரெய்லர்களும், மணலித் தொழிற்சாலைகளின் டேங்கர்களும் ஏறி இறங்கும் எடைமேடைகள், லாரிக்காரர் வாயில் வே பிரிட்ஜ், அந்த வட்டாரச் சாலைகளில் வழக்கமான காட்சி. எடைமேடையின் காட்டி, எடையை எழுத்து எழுத்தாகத் தொடர்வரிசை இணைப்பில் அறைக்குள் இருக்கும் கணினிக்கு அனுப்பும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் என்றால், நொடிக்கு 960 எழுத்து. ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 1 மில்லிநொடி இடைவெளி. 1981இல் வந்த ஐபிஎம் பீசியின் செயலிக்கு வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த 1 மில்லிநொடியில் அதன் கடிகாரம் ஏறக்குறைய 5000 முறை துடித்துவிடும். ஒரு "7"க்காகக் காத்துக்கிடந்து 5000 துடிப்புகளையும் கேள்வி கேட்பதிலேயே தொலைப்பதா, அல்லது ரசீது அச்சடிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, எழுத்து வந்தபின் அழைக்கச் சொல்வதா? பீசிக்கு வெகு முன்பே, இத்தகைய கேள்வியிலிருந்துதான் குறுக்கீடு பிறந்தது.

1951இல் வந்த யூனிவாக்–1 கணினியில், கூட்டலின் விடை, செயலியின் சிறு சேமிப்பிடமான பதிவகத்துக்குள் அடங்காமல் வழிந்தால் செயலி தானாகவே ஒரு சரிசெய்யும் கட்டளைக்குத் தாவும். அது செயலிக்குள்ளேயே எழுந்த அழைப்பு. வெளிச் சாதனமும் அழைக்கலாம் என்பது 1954இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனம் ராணுவத்துக்காகக் கட்டி, லாரி வண்டிக்குள் வைத்து நகர்த்திய டைசியாக் இயந்திரத்தில் வந்தது. அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் நிரல் எண்ணி அதில் இரண்டு இருந்தன. சாதனம் அழைத்தால் செயலி ஓர் எண்ணியை விட்டு மற்றொன்றுக்கு மாறிவிடும். பழைய எண்ணியில் விட்ட இடம் அப்படியே காத்திருக்கும். 1950களின் நடுவில் யூனிவாக் 1103 இயந்திரம் ஒன்று, விமான ஆய்வுக்கான காற்றுச் சுரங்கத்தின் அளவீடுகளை வரும்போதே வாங்கிக்கொள்ளும்படி குறுக்கீட்டோடு மாற்றியமைக்கப்பட்டது. சுரங்கத்தில் காற்று வீசும் நேரம் குறைவு. அளவீடு வரும் கணத்தில் வாங்கத் தவறினால் போனது போனதுதான். மற்ற நேரத்தில் அதே இயந்திரம் வேறு கணக்குகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டியவர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாமில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்–1 இயந்திரத்தை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் அதில் குறுக்கீடு வைக்க விரும்பினார்கள். நிரல்களை எழுத வேண்டியவர் டெய்க்ஸ்ட்ரா. அவர் அஞ்சினார். அதுவரை ஒரு நிரலை அதே உள்ளீட்டோடு மறுபடி ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் வரும், பிழையைப் பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்துவிட்டால் எந்தக் கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையில் அழைப்பு நுழையும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்று வந்த பிழை நாளை வராது. அடுத்த மாதம் வேறொரு இடத்தில் வரும். மாதக்கணக்கில் தயங்கிய பிறகே அவர் சம்மதித்தார். சோதித்துப் பார்த்து நம்புவதற்கு வழியில்லாததால், சரியாக இருந்தே தீரும் என்று தருக்கத்தால் நிறுவும்படி குறுக்கீட்டு நிரலை எழுதினார். 1959இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அந்தப் பணியைப் பற்றியது. ஒருங்கே ஓடும் நிரல்களைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய எல்லாவற்றுக்கும் வித்து அந்த அச்சத்தில் இருக்கிறது. அச்சம் நியாயமானது. இன்றும் டிரைவர் எழுதுவோரின் தூக்கத்தைக் கெடுப்பது அதே வகைப் பிழைதான்.

சென்னைக்குக் குறுக்கீடு முறையான வடிவில் வந்து சேர்ந்தது பெருங்கணினி வழியாக. 1973இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகத்தில், ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அதன் மூதாதையான சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டது 1964 ஏப்ரல் 7 அன்று. அந்த வரிசை, எல்லா அழைப்புகளையும் ஐந்து வகுப்பாகப் பிரித்தது: வெளி அழைப்பு, நிரல் தானே கெர்னலைக் கூப்பிடுவது, நிரலின் பிழை, இயந்திரப் பழுது, உள்ளீடு–வெளியீடு. செயலி எங்கே நிற்கிறது, எந்த அழைப்புகளுக்குச் செவிசாய்க்கிறது என்பதையெல்லாம் 64 பிட் நீளமுள்ள ஒரே நிலைச்சொல்லில் அடக்கிவைத்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் நினைவகத்தின் அடிப்பகுதியில் இரண்டு இடம் ஒதுக்கப்பட்டது. ஒன்று பழைய நிலைச்சொல்லைப் போட்டுவைக்க, மற்றொன்று புதியதை எடுத்துக்கொள்ள. உள்ளீடு–வெளியீட்டு அழைப்பு வந்தால் நடப்பு நிலைச்சொல் 56ஆம் முகவரிக்குப் போகும். 120ஆம் முகவரியில் இருப்பது செயலிக்குள் வரும். அந்தக் கணமே செயலி கெர்னலுக்குள் இருக்கும். திரும்பிப் போக, 56இல் வைத்ததை மறுபடி ஏற்றினால் போதும். ஒரே அசைவில் நடக்கும் மாற்று. இதைவிடச் சுத்தமான வடிவமைப்பு பிறகும் அரிதாகத்தான் வந்தது.

ஆனால் அட்டைப் படிப்பான், அச்சுப்பொறி, வட்டு, நாடா எல்லாவற்றுக்கும் உள்ளீடு–வெளியீட்டு வகுப்பு ஒன்றுதான், வாசலும் ஒன்றுதான். அழைத்தவர் யார் என்பதை, பழைய நிலைச்சொல்லுக்குள் வன்பொருள் எழுதிவைத்த சாதன முகவரியைப் பார்த்துக் கெர்னல் தெரிந்துகொள்ள வேண்டும். அழைப்பைக் கவனிக்கும் நிரலுக்குக் கையாளி என்று பெயர். முதல்நிலைக் கையாளி பதிவகங்களைப் பத்திரப்படுத்திவிட்டு அந்த முகவரியைப் படிக்கும். சாதனத்துக்கு ஒன்றாக நினைவகத்தில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு ஏட்டைத் தேடி எடுக்கும். எந்த வேலை அந்தச் சாதனத்துக்காகக் காத்திருக்கிறது என்று அதிலிருந்து அறியும். வாசலை வன்பொருள் காட்டும், ஆளை மென்பொருள் தேடும் என்ற இந்தப் பிரிவினை, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது.

1970இல் வந்த பிடிபி–11 கணினி அந்தத் தேடலை வன்பொருளிடமே ஒப்படைத்தது. அழைக்கும் சாதனம், யூனிபஸ் என்ற பொதுத்தடத்தில் தன் வெக்டர் எண்ணையும் அனுப்பும். அந்த எண், நினைவகத்தில் ஓர் இடம். அங்கே இரண்டு சொற்கள்: கையாளியின் முகவரி, புதிய நிலைச்சொல். எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 60 என்றால் முனையத்தின் விசைப்பலகை, 64 என்றால் அதன் அச்சுப் பக்கம், 100 என்றால் கடிகாரம். 1975இல் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பில் இந்த அட்டவணை ஒரே சிறு கோப்பில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரே வகைச் சாதனம் பல இருந்தால், அவற்றில் எது அழைத்தது என்ற எண்ணையும் புதிய நிலைச்சொல்லின் கடைசி பிட்டுகளில் வைத்துவிட்டார்கள். கெர்னல் தேடவே வேண்டாம். அழைப்பே ஆளின் பெயரோடு வந்தது. முன்னுரிமையும் அந்த நிலைச்சொல்லிலேயே இருந்தது. செயலியின் படி ஐந்து என்றால் ஐந்துக்கு மேற்பட்டவர் மட்டுமே குறுக்கிடலாம். கெர்னல் ஒரு வரிசைப் பட்டியலைத் திருத்தும்போது படியை உயர்த்திக்கொள்ளும். திருத்தி முடித்ததும் இறக்கிவிடும். டெய்க்ஸ்ட்ரா அஞ்சிய இடைவெளிக்கு யூனிக்ஸ் போட்ட கதவு இது.

எடைமேடை அறைக்குள் இருந்த பீசிக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. அதன் இன்டெல் செயலியில் சாதனங்களின் வழக்கமான குறுக்கீட்டுக்கென்று இருந்தது ஒரே ஊசிமுனை. அதன் முன் காவலாளாக நின்றது 1976இல் இன்டெல் வெளியிட்ட 8259 சில்லு. எட்டுக் கம்பிகள் அதனுள் வரும். பூஜ்யம் கடிகாரம், ஒன்று விசைப்பலகை, நான்கு முதல் தொடர்வரிசைத் துறை, ஆறு நெகிழ்வட்டு, ஏழு அச்சுப்பொறி. எண் சிறியதென்றால் முன்னுரிமை பெரியது. 1984இல் வந்த பீசி ஏடியில் இன்னொரு 8259ஐ முதல் சில்லின் இரண்டாம் எண் கம்பியில் தொங்கவிட்டார்கள். பயன்படுத்தக்கூடிய கம்பிகள் 15 ஆயின.

எடைக்காட்டியின் ஓர் எழுத்து போகும் வழியைப் பார்ப்போம். எழுத்து முழுதாக வந்ததும் தொடர்வரிசைச் சில்லு நான்காம் கம்பியை உயர்த்தும். 8259 செயலியை அழைக்கும். செயலி நடப்புக் கட்டளையை முடித்துவிட்டு, யார் என்று கேட்கும். நான்கோடு எட்டைக் கூட்டி 12 என்று 8259 சொல்லும். செயலி தன் நிலைக் கொடிகளையும் நின்ற இடத்தையும் நினைவகத்தின் அடுக்குப் பகுதியில் போட்டுவிட்டு, 12ஐ நான்கால் பெருக்கி, 48ஆம் முகவரியில் எழுதியிருக்கும் இடத்துக்குத் தாவும். அங்கே இருக்கும் நிரல் எழுத்தை எடுத்து ஒரு வரிசையில் போடும். "முடிந்தது" என்று 8259க்கு ஒப்புகை எழுதும். விட்ட இடத்துக்குத் திரும்பும். அந்த ஒப்புகையை எழுத மறந்தால், அதற்குச் சமமான அல்லது கீழான முன்னுரிமை உள்ள எந்த அழைப்பையும் 8259 பிறகு விடாது. திரையில் எடை ஒரே எண்ணில் உறைந்து நிற்கும். கடிகாரமும் விசைப்பலகையும் வழக்கம்போல் ஓடும். டாஸ் காலத்தில் டிரைவர் எழுதப் பழகிய பலருக்கும் இது முதல் பாடம். பழைய தொடர்வரிசைச் சில்லில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். அந்த 1 மில்லிநொடிக்குள் எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து முன்னதை அழித்துவிடும். 16 எழுத்து வரை சேர்த்துவைக்கும் 16550 வகைச் சில்லு பரவியபின் அந்த நெருக்கடி தளர்ந்தது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதே பீசி வகை இயந்திரத்தில்தான் லினக்ஸ் கெர்னலைத் தொடங்கினார். முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது எண்ணிக்கை மோதல். இன்டெல் தன் செயலிகளின் உள்பிழைகளுக்கென்று முதல் 32 வெக்டர்களை ஒதுக்கியிருந்தது. ஐபிஎம் அந்த எல்லைக்குள்ளேயே எட்டிலிருந்து தன் சாதனங்களைக் குடிவைத்துவிட்டது. லினக்ஸ் தொடங்கியதும் 8259க்குப் புது எண் கொடுத்து, சாதனங்களை 32க்கு அப்பால் கொண்டுபோயிற்று. நான்காம் கம்பி 36 ஆனது.

அடுத்து வந்த சிக்கல் பங்கீடு. கம்பிகள் பதினைந்து, சாதனங்கள் அதற்கு மேல். பழைய பீசியில் இரண்டு அட்டைகள் ஒரே கம்பியைப் பகிர முடியாது. காரணம், அங்கே அழைப்பு என்பது கம்பி எழும்பும் அந்த ஒரு கணம் மட்டுமே. பிளாக் மணியின் அடியைப் போன்றது அது; ஒலித்து ஓய்ந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் ஓர் அடிதான் கேட்கும். 1992இல் அறிமுகமான பிசிஐ தடம் வேறு வகையைக் கொண்டுவந்தது. சாதனம் கவனிக்கப்படும் வரை கம்பியை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கும். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரிக் கன்வேயர்களின் ஓரமாக நீளும் புல் கார்டு கயிற்றை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஆபத்தைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். சுவிட்ச் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். ஆள் நேரில் போய்ப் பார்த்து, கையால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை பெல்ட் ஓடாது. இரண்டு இடத்தில் இழுத்திருந்தால் ஒன்றை மட்டும் சரிசெய்து பயனில்லை. அழைப்பு தொலைந்துபோக வழியே இல்லாத முறை.

இப்படிப் பிடித்திருக்கும் கம்பியைப் பகிர்ந்துகொண்டால், கெர்னலுக்குப் பழைய தேடல் திரும்ப வந்துவிடுகிறது. லினக்ஸில் ஒவ்வொரு குறுக்கீட்டு எண்ணுக்கும் ஒரு விவர ஏடு உண்டு. அதனடியில், அந்தக் கம்பியில் தமக்குப் பங்கிருப்பதாகப் பதிந்துகொண்ட டிரைவர்களின் கையாளிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். அழைப்பு வந்தால் கெர்னல் ஒவ்வொன்றாகக் கூப்பிடும். ஒவ்வொரு கையாளியும் தன் சாதனத்தின் நிலைப் பதிவகத்தைப் பார்த்து, "என்னுடையது, கவனித்துவிட்டேன்" என்றோ "என்னுடையதல்ல" என்றோ சொல்ல வேண்டும். இந்த நேர்மையில்தான் முறை நிற்கிறது. ஒருவரும் உரிமை கொண்டாடாத அழைப்பு ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கெர்னல் எண்ணத் தொடங்கும். ஒரு லட்சம் அழைப்புகளில் 99,900க்கு மேல் ஆளற்றவை என்றால், கம்பியையே அடைத்துவிட்டு, கவனிப்பாரில்லை என்று பதிவேட்டில் எழுதிவைக்கும். ஒரு சாதனத்தை இழந்தாலும் முழுக் கணினியும் மூச்சுத் திணறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

இவ்வளவும் அழைப்பைச் சேர்ப்பிக்கும் கதை. சேர்ந்தபின் எவ்வளவு வேலையை அங்கேயே செய்வது? கையாளி ஓடும்போது அதே கம்பியின் அடுத்த அழைப்பு வாசலில் நிற்கும். பல நேரம் அந்தச் செயலியின் எல்லா அழைப்புகளும் நிற்கும். நிற்பதால் வரும் கேடு என்ன என்பதை மின்நிலையம் ஒன்றில் தெளிவாகப் பார்க்கலாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 450 மெகாவாட் திறனுக்கு வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டமான மூன்று 210 மெகாவாட் அலகுகள் 1994 முதல் 1996 வரை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. இந்த அளவு அலகு ஒன்று திடீரென டிரிப் ஆனால் ரிலேக்களும் பிரேக்கர்களும் சில மில்லிநொடிக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழும். எது முதலில் விழுந்தது என்பதில்தான் காரணம் இருக்கிறது. அதற்காக மின்நிலையங்களில் வைக்கும் நிகழ்வு வரிசைப் பதிவி, 1 மில்லிநொடி துல்லியத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். அப்படிப்பட்ட கணினியில் ஒரு கையாளி 5 மில்லிநொடி வாசலை அடைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் விழுந்த பலவற்றுக்கும் ஒரே நேரம் பதிவாகும். காரணமும் விளைவும் இடம் மாறிப்போகும்.

எனவே கெர்னல்கள் வேலையை இரண்டாகப் பிரித்தன. மேல்பாதி உடனே ஓடும்: சாதனத்தை அமைதிப்படுத்தும், நேரத்தைக் குறிக்கும், தரவைப் பத்திரப்படுத்தும், மீதியைக் கவனிக்கச் சொல்லிக் குறிப்பு வைத்துவிட்டுத் திரும்பும். கீழ்பாதி, வாசல் மறுபடி திறந்தபின் ஆறுதலாக ஓடும். லினக்ஸின் தொடக்கக் காலத்தில் கீழ்பாதிகள் மொத்தம் 32தான். பல செயலிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம். 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு, செயலிக்குச் செயலி தனித்தனியே ஓடக்கூடிய மென்குறுக்கீடுகளையும் டாஸ்க்லெட்டுகளையும் தந்தது. 2009இல் வந்த 2.6.30 பதிப்பில், தாமஸ் கிளெய்க்ஸ்னர் முன்னெடுத்த மாற்றத்தால், கையாளியின் பெரும்பகுதியைச் சாதாரண இழையாகவே ஓட்ட முடிந்தது. இழைக்கு முன்னுரிமை கொடுக்கலாம், காத்திருக்க வைக்கலாம், வேறொன்றுக்காக நிறுத்தவும் செய்யலாம். மேல்பாதியால் காத்திருக்கவே முடியாது. அது இன்னொரு நிரலின் நேரத்தைக் கடன் வாங்கி ஓடுகிறது. தூங்கினால் கடன் கொடுத்தவரும் சேர்ந்து உறைவார்.

பிரித்தும் தீராத ஒரு நோய் 1990களில் வெளிப்பட்டது. ஜெஃப்ரி மோகலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்குச் சிகிச்சை சொன்னது. வலையமைப்புப் பொதிகள் அளவு மீறி வரும்போது, குறுக்கீட்டுக்குத் தலையாட்டுவதிலேயே செயலியின் நேரம் முழுதும் போய்விடும். வாங்கிய பொதி ஒன்றுகூட உரிய நிரலிடம் போய்ச் சேராது. இயந்திரம் ஓயாமல் உழைக்கும். ஒரு வேலையும் நடக்காது. ஜிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம் வரலாம் என்பதை வைத்துப் பார்த்தால் நோயின் கடுமை புரியும். அவர்கள் சொன்ன தீர்வு, செயலியே போய்க் கேட்கும், துரத்தியடிக்கப்பட்ட பழைய முறையையே உள்ளே அழைத்தது. முதல் பொதி மணியடிக்கட்டும். உடனே மணியைக் கட்டிவைத்துவிட்டுக் கெர்னலே போய்ப் பொதிகளை அள்ளட்டும். ஒரு நடைக்கு இவ்வளவு என்ற அளவும் இருக்கட்டும். வரிசை காலியானபின் மணியை அவிழ்க்கட்டும். இந்த வழியில் அமைந்த லினக்ஸின் நாபி முறையில் ஒரு நடைக்கு வழக்கமான அளவு 64 பொதி. அழைப்பை மட்டுமே நம்புவதும் கேட்பதை மட்டுமே நம்புவதும் ஒருபோலத் தவறு என்று இவ்வளவு துல்லியமாக வேறு எந்த நிகழ்வும் காட்டவில்லை.

வன்பொருள் பக்கத்தில் கம்பிகளே மறையத் தொடங்கின. பல செயலிகள் கொண்ட பீசிகளுக்காக இன்டெல், செயலிக்கு ஒன்றாக உள் ஏபிக் என்ற குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியையும், சாதனங்களுக்காக வழக்கமாக 24 வாயில் கொண்ட ஐஓ ஏபிக் என்ற கட்டுப்படுத்தியையும் கொண்டுவந்தது. எந்த அழைப்பு எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்று கெர்னல் தீர்மானிக்கலாம். பிறகு வந்த எம்எஸ்ஐ முறையில் சாதனம் கம்பியை உயர்த்துவதே இல்லை. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சிறு எண்ணை எழுதுகிறது, அந்த எழுத்தே அழைப்பு. அதன் விரிவான எம்எஸ்ஐ–எக்ஸில் ஒரு சாதனத்துக்கு 2048 தனி அழைப்புகள் வரை உண்டு. ஆளின் பெயரோடு வரும் பிடிபி–11இன் அழைப்பு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தது.

சென்னை இந்தக் கதைக்குள் இரண்டாம் முறை நுழைவது, வடிவமைக்கும் இடத்திலிருந்து. பெருங்கணினி வந்திறங்கிய அதே தொழில்நுட்பக் கழக வளாகத்தில், பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் உருவானது சக்தி செயலி வரிசை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து யாவருக்கும் திறந்துவிடப்பட்ட ரிஸ்க்–ஃபைவ் கட்டளைத் தொகுதி அதன் அடிப்படை. 2018இல் இதன் சில்லுகள் முதன்முதலாக வார்க்கப்பட்டன. லினக்ஸும் அவற்றில் ஓடியது. 2020இல் அதே வரிசையின் மௌஷிக் செயலி வந்தது. விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தில் அது வார்க்கப்பட்டது. இவ்வரிசையில் சாதன அழைப்புகளைக் கையாளும் பகுதிக்கு பிளிக் என்று பெயர். 8259 இருந்த இடத்தில் இன்று இருப்பது அது. அதன் விதி 1023 அழைப்பு மூலங்கள் வரை இடம் தருகிறது. ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு முன்னுரிமை, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வாசற்படி உயரம். படியைத் தாண்டும் முன்னுரிமை உள்ள அழைப்பு மட்டுமே உள்ளே போகும். முன்னுரிமை சமமானால் எண் சிறியதற்கே முதலிடம்.

எடைமேடையின் அதே எழுத்து, லினக்ஸ் ஓடும் ரிஸ்க்–ஃபைவ் செயலிக்கு வந்தால் நடப்பது இது. தொடர்வரிசைச் சாதனம் அழைக்கும். பிளிக்கின் நுழைவாயில் அழைப்பைக் குறித்துக்கொண்டு தன்னை மூடிக்கொள்ளும். அதே மூலத்தின் இரண்டாம் அழைப்பு இனி உள்ளே வராது. செயலிக்குப் போவது "வெளியே யாரோ அழைக்கிறார்கள்" என்ற ஒரே சைகை. செயலி நின்ற இடத்தை ஒரு பதிவகத்திலும், காரணத்தை இன்னொரு பதிவகத்திலும் எழுதும். வெளி அழைப்புக்குக் காரண எண் 9. கடிகாரம் என்றால் 5. மேற்கொண்டு வரும் அழைப்புகளை அடைத்துவிட்டு, கெர்னல் முன்பே குறித்துக்கொடுத்த ஒரே முகவரிக்குத் தாவும். எப்போதும் பூஜ்யமாக இருக்கும் ஒன்றை விட்டு மற்ற 31 பொதுப் பதிவகங்களையும் கெர்னல் அடுக்கில் பத்திரப்படுத்தும். காரணம் 9 என்று கண்டதும் பிளிக்கின் கோரல் பதிவகத்தைப் படிக்கும். படிப்பதே கோருவது. காத்திருப்போரில் முன்னுரிமை மிக்கவரின் எண் விடையாக வரும். பூஜ்யம் வந்தால் யாரும் இல்லை. பல செயலிகள் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஓர் எண் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

அந்த எண், சில்லு வடிவமைத்தவர் கொடுத்தது. எந்த எண்ணில் எந்தச் சாதனம் என்ற குறிப்பு, டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் தொடக்கத்திலேயே கெர்னலுக்குத் தரப்பட்டிருக்கும். அதை வைத்துக் கெர்னல் அந்த எண்ணைத் தன் எண்ணாக மாற்றி, விவர ஏட்டை எடுத்து, தொடர்வரிசை டிரைவரின் கையாளியைக் கூப்பிடும். கையாளி எழுத்தை எடுத்து முனைய வரிசையில் போடும்; அதை எடை நிரலுக்குக் கொண்டுபோகும் வேலை கீழ்பாதிக்குப் போகும். பின்பு கெர்னல், கோரும்போது கிடைத்த எண்ணையே பிளிக்கின் அதே பதிவகத்தில் திருப்பி எழுதும். பதிவகங்கள் அடுக்கிலிருந்து மீளும். ஒரே கட்டளையில் செயலி விட்ட இடத்துக்குப் போகும். எண்ணைத் திருப்பி எழுதாவிட்டால் அந்த நுழைவாயில் மூடியே கிடக்கும். அந்தச் சாதனத்தின் அடுத்த அழைப்பு செயலிக்குக் கேட்காது.

(தொடரும்)